கைப்பிடி உறுதியா?

அதிகாலை நேரம். மலையெங்கும் பனிமூட்டம். போடிமெட்டிலிருந்து பூப்பாறைக்குப் போகும் சாலை. ஒரு தொழிலாளி மோட்டார் சைக்கிளில் போகிறார். ஏலத் தோட்டத்தில் அவருக்கு வேலை.

எதிரே ஒரு வளைவு வருகிறது. அவர் ஆக்சிலேட்டரைக் குறைக்கிறார். ஆனால் வண்டியின் வேகம் குறையவில்லை. எஞ்சின் இரைகிறது. ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் பள்ளம்.

அவர் பதறவில்லை. இடது கையால் கிளட்சை அழுத்திப் பிடித்தார். இரண்டு பிரேக்கையும் போட்டார். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். வண்டி ஓரமாக நின்றது. உயிர் பிழைத்தது.

மறுநாள் மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினார்.

"தம்பி, கேபிள் அறுந்திருக்குமோ?"

"இல்லண்ணே. கேபிள் நல்லாத்தான் இருக்கு. இந்தக் கைப்பிடி ரப்பரைப் பாருங்க. லூசாகி உள்பக்கம் நகர்ந்திருக்கு. சுவிட்ச் பெட்டியில போய் இடிச்சிருக்கு. அதனாலதான் ஆக்சிலேட்டர் திரும்பி வரல."

ஒரு சின்ன ரப்பர் துண்டு. அது ஓர் உயிரைப் பறிக்க இருந்தது.

கைப்பிடியின் வேலை என்ன?

வண்டியை ஓட்டுபவரின் கைக்கும் வண்டிக்கும் உள்ள உறவு கைப்பிடிதான். அதைக் கடைகளில் கிரிப் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

வலது கைப்பிடியைத் திருப்பினால் எஞ்சின் வேகம் கூடும். விட்டுவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். இடது கைப்பிடி திரும்பாது. ஆனால் இறக்கத்தில் பிரேக் போடும்போது உடல் முன்னால் சாயும். உடலின் பாரம் இரண்டு கைகளிலும் இறங்கும். அப்போது இடது கைப்பிடி வழுகினால் வண்டி திசை மாறிவிடும்.

கரடுமுரடான பாதையில் வண்டி அதிரும். அந்த அதிர்வு கைக்கு ஏறும். கைப்பிடி ரப்பர் அதில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும். தேய்ந்த ரப்பரால் அது முடியாது. பல ஆண்டுகள் தினமும் அதிர்வு தாக்கினால் விரல்கள் மரத்துப் போகும். சிலருக்குக் குளிர் நேரத்தில் விரல் நுனி வெளுத்துப் போகும்.

வெயிலும் மழையும்

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதிகள் தமிழ்நாட்டை ஒட்டி உள்ளன. அங்கே கோடையில் வெயில் கடுமை. நாள் முழுவதும் வெயிலில் நிற்கும் வண்டியின் ரப்பர் காய்ந்து வெடிக்கும். சில வகை ரப்பர் பிசுபிசுவென்று கையில் ஒட்டும்.

இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு பகுதிகளில் நிலைமை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அதற்குப் பின் அக்டோபர், நவம்பரில் துலா மழை. மழை நீர் கைப்பிடிக்குள் இறங்கும். கம்பி துருப்பிடிக்கும். ரப்பரின் பிடி விடும்.

வெயில் ஊரானாலும் மழை ஊரானாலும் கைப்பிடியை மாதம் ஒரு முறை சோதிக்க வேண்டும். ரப்பரை இறுக்கிப் பிடித்துத் திருக வேண்டும். இடது கைப்பிடி அசையவே கூடாது. வலது கைப்பிடியில் ரப்பர் மட்டும் தனியாகச் சுற்றக் கூடாது. வெடிப்பு, கிழிசல், வழவழப்பு இருந்தால் மாற்றிவிட வேண்டும்.

ரப்பரின் கதை

ரப்பர் மரத்தின் பால் கேரள மக்களுக்குப் புதிதல்ல. இந்தியாவில் வியாபாரத்துக்கான முதல் ரப்பர் தோட்டம் 1902-ஆம் ஆண்டில் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் உருவானது. ரப்பர் வாரியத்தின் தலைமை அலுவலகம் கோட்டயத்தில் இருக்கிறது.

வெறும் ரப்பர் வெயிலில் இளகும். குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் குட்இயர் ஒரு வழி கண்டார். ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினார். ரப்பர் உறுதியானது. டயர் முதல் கைப்பிடி வரை அந்த முறை இன்றும் பயன்படுகிறது. செயற்கை ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த கைப்பிடிகளும் கடைகளில் உண்டு.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் அளவு. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கைப்பிடிக் கம்பியின் குறுக்களவு 22 மில்லிமீட்டர். வலது பக்கம் கம்பியின் மேல் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். அதுதான் ஆக்சிலேட்டர் குழாய். அதனால் வலது கைப்பிடியின் துளை சற்றுப் பெரிதாக இருக்கும். இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. வண்டியின் பெயரைச் சொல்லி ஜோடியாக வாங்குவது நல்லது.

அடுத்து பருமன். சிறிய கைக்கு மெல்லிய கைப்பிடி. பெரிய கைக்குக் கொஞ்சம் தடித்தது. மிகத் தடித்ததை வாங்கினால் இறுக்கிப் பிடித்தே கை வலிக்கும்.

மிருதுவான ரப்பர் கைக்குச் சுகம் தரும். ஆனால் சீக்கிரம் தேயும். கடினமான ரப்பர் நீடித்து உழைக்கும். ஆனால் அதிர்வு கூடுதலாகத் தெரியும். மழை ஊர்களில் வரிகளும் புள்ளிகளும் ஆழமாக உள்ள கைப்பிடி நல்லது. ஈரக் கையும் அதில் வழுகாது.

எப்படி மாட்டுவது?

முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். கம்பி முனையில் எடைக்கட்டி இருந்தால் கழற்ற வேண்டும்.

பழைய ரப்பருக்குள் மெல்லிய ஸ்குரூ டிரைவரை மெதுவாக நுழைக்கலாம். இடைவெளியில் சோப்புத் தண்ணீர் விட்டுத் திருகினால் ரப்பர் வந்துவிடும். வராவிட்டால் பிளேடால் நீளவாக்கில் அறுக்கலாம். வலது பக்கம் அறுக்கும்போது பிளாஸ்டிக் குழாயை வெட்டிவிடக் கூடாது.

பிறகு கம்பியைச் சுத்தம் செய்ய வேண்டும். துருவை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பழைய பசையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அப்போது பக்கத்தில் பீடியோ நெருப்போ இருக்கக் கூடாது.

கம்பி நன்றாகக் காய்ந்த பின் கைப்பிடிக்கான பசையைத் தடவ வேண்டும். காலம் கடத்தாமல் புதிய ரப்பரைத் திருகியபடி ஒரே மூச்சில் உள்ளே தள்ள வேண்டும். எளிதாக ஏறட்டும் என்று சிலர் எண்ணெயோ கிரீஸோ தடவுகிறார்கள். இது பெரிய தவறு. எண்ணெய் காயாது. கைப்பிடி என்றும் வழுகிக்கொண்டே இருக்கும்.

வலது பக்கம் ரப்பரை முழுவதும் தள்ளிவிடக் கூடாது. ரப்பருக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் நடுவே ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அந்தத் தொழிலாளியின் வண்டியில் இந்த இடைவெளிதான் இல்லாமல் போயிருந்தது.

கம்பியின் முனை மூடியிருக்க வேண்டும். முனை திறந்த கைப்பிடி என்றால் அதற்குரிய மூடியைப் போட வேண்டும். விழும்போது திறந்த இரும்புக் குழாய் வயிற்றிலும் தொடையிலும் கத்தி போல் குத்தும்.

சேற்றிலும் கல்லிலும் பந்தயம் ஓட்டுபவர்கள் இன்னொரு காரியம் செய்கிறார்கள். கைப்பிடியின் பள்ளமான வரிகளில் மெல்லிய கம்பியைச் சுற்றி முறுக்குகிறார்கள். முறுக்கிய முனையைக் கையில் குத்தாதபடி ரப்பருக்குள் மடக்கி விடுகிறார்கள். காட்டுப் பாதையில் ஓடும் வண்டிக்கு இதுவும் உதவும்.

ஓட்டும் முன் சோதனை

பசை காய ஓர் இரவு விட வேண்டும். காலையில் எஞ்சினைப் போடாமல் ஆக்சிலேட்டரைத் திருப்பி விட வேண்டும். அது 'டக்' என்று தானே திரும்பி வர வேண்டும். ஹேண்டில் பாரை இடது பக்கம் முழுவதும் ஒடித்து ஒரு முறை, வலது பக்கம் ஒடித்து ஒரு முறை இப்படிச் சோதிக்க வேண்டும். திரும்பி வராவிட்டால் அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

வழியில் ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால் கிளட்சை அழுத்திப் பிரேக் போட்டு எஞ்சினை நிறுத்த வேண்டும். டி.வி.எஸ். எக்ஸ்.எல். போன்ற வண்டிகளில் கிளட்ச் பிடி இல்லை. அவற்றில் எஞ்சினை அணைத்து இரண்டு பிரேக்கையும் போட வேண்டும். சாவியால் அணைக்கும்போது ஹேண்டில் பூட்டு வரை திருப்பிவிடக் கூடாது.

அந்தத் தொழிலாளி இன்றும் அதே மலைச் சாலையில் வேலைக்குப் போகிறார். கிளம்பும் முன் பெட்ரோலைப் பார்க்கிறார். பிரேக்கைப் பார்க்கிறார். தலைக்கவசத்தை மாட்டுகிறார். பிறகு இரண்டு கைப்பிடிகளையும் ஒரு முறை இறுக்கித் திருகிப் பார்க்கிறார். அதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம்தான்.

உங்கள் வீட்டு வண்டியின் கைப்பிடி உறுதியாக இருக்கிறதா?