பல்வகைப் பயிற்சியும் தாங்குமாற்றலும்

சுவரிருந்தாலன்றோ சித்திரம் வரையலாம் என்பர் நம் முன்னோர். அச்சுவர் ஒருநாட் காற்றுக்கு நின்றாற் போதாது. பலநாள் மழையையும் தாங்குதல் வேண்டும். உடலும் அத்தகையதே. நூறு யார் தூரத்தைச் சில விநாடிகளில் ஓடிமுடிக்கும் வேகம் ஒன்று. பல மணிநேரம் சோராது உழைக்கும் தாங்குமாற்றல் வேறொன்று.

இவ்வாற்றலைச் சோதிக்கும் போட்டிகளுட் கடுமையானது சாகசப் பந்தயம். குழுவாகச் செல்வோர் கால்நடையாகவும், சைக்கிளிலும், துடுப்பு வலித்தும், வரைபடமும் திசைகாட்டியும் துணையாக நாட்கணக்கில் வழிதேடிச் செல்வர். 1989ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் நடைபெற்ற றெயிட் கோல்வாஸ் என்னும் பந்தயம் இதற்கு உலகப் புகழ் தந்தது.

தாங்குமாற்றலுக்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் அத்துணைத் தூரம் செல்லவேண்டியதில்லை. வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன், 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திச் சென்று, மீண்டும் தலைமன்னாருக்கே நீந்தி வந்தார். எடுத்த நேரம் 51 மணி. அவர் நீச்சலோடு அமைந்தாரல்லர். 1979ஆம் ஆண்டு மே மாதத்திற் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி நேரத்துக்கு மேலாகச் சைக்கிள் ஓட்டினார். ஒற்றைக்காலில் 33 மணிநேரம் நின்றதும் அவருடைய சாதனைகளுள் ஒன்றாகும்.

பல துறைகளிற் பயில்வதன் பயன் யாது? நெடுநேரப் பயிற்சியால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த குருதியைச் செலுத்தப் பழகுகின்றது. நீந்தினும், ஓடினும், சைக்கிள் மிதிப்பினும் இந்நலம் கிட்டும். எனவே அது பொதுச் சொத்து. தசையின் நிலை அவ்வாறன்று. உழைத்த தசையிலேயே மயிர்த்துளைக் குழாய்களும், சக்தியை ஆக்கும் இழைமணிகளும் பெருகுகின்றன. மிதித்துப் பழகிய கால், துடுப்பு வலிக்கும் தோளுக்கு உதவாது. ஆதலாற் பந்தயத்துக்கு வேண்டிய ஒவ்வொரு தொழிலையும் தனித்தனியே பழகுதல் வேண்டும். மற்றுமொரு பயனும் உண்டு. நாடோறும் ஓடுவோரின் முழங்கால் தரையின் மோதலால் நோவும். இடையிடையே நீச்சலும் சைக்கிளும் வருமாயின் மூட்டுகள் ஆறும். இதயமோ தன் பயிற்சியை இழவாது.

மட்டக்குளியில் வாழும் மாணவனுக்கு இதற்குப் பெருஞ் செலவில்லை. திங்களன்று காக்கைத்தீவுக் கடற்கரை மணலில் விரைந்து நடக்கலாம். புதனன்று பாலங் கடந்து ஹெந்தளைப் பக்கமாகச் சைக்கிள் ஓட்டலாம். வெள்ளியன்று முதுகிற் சுமையோடு மாடிப்படிகளில் ஏறி இறங்கலாம். சனியன்று தக்கார் மேற்பார்வையில் நீச்சற் குளத்தில் நீந்தலாம். களனி கங்கை கடலொடு கலக்குமிடத்தில் நீந்த இறங்குதல் ஆகாது. அங்கே நீரோட்டம் உயிருக்கு உலைவைக்கும். ஏனைய நாட்கள் ஓய்வுக்குரியன. உழைத்த தசை ஓய்விலேயே உரம் பெறுகின்றது. கொழும்புக் காற்றில் ஈரம் மிகுதியாதலால் வியர்வை எளிதில் உலராது, உடல் வெப்பமும் தணியாது. ஆகவே விடியலும் மாலையுமே ஏற்ற வேளைகள். உப்பிட்ட கஞ்சி நல்ல பானம்.

சில மாதப் பயிற்சியின்பின் சிவனொளிபாத மலை தக்க பரீட்சையாகும். 2,243 மீற்றர் உயரமுள்ள அம்மலைக்கு மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை யாத்திரைக் காலம். ஏறுவதினும் இறங்குவதே தொடைத்தசையை வாட்டும் என்பதை அங்கே ஒவ்வொருவரும் அறிந்துகொள்வர்.

ஒன்றை மாத்திரம் மறத்தலாகாது. 1984ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது ஆனந்தன் உயிர் நீத்தார். கோடையிலும் குளிர்ந்திருக்கும் நீர் அது; பாக்கு நீரிணையின் வெதுவெதுப்பு அங்கில்லை. அவ்வீரரின் துணிவுக்குத் தலைவணங்கும் நாம், பயிற்சி பெற்ற உடலுக்கும் எல்லையுண்டு என்பதையும் மனத்திருத்துதல் வேண்டும். களைப்பு, நடுக்கம், தலைச்சுற்று என்பன உடல் விடுக்கும் எச்சரிக்கைகள். அவற்றுக்குச் செவிசாய்த்து நிறுத்துதல் கோழைமையன்று. உடன் செல்லும் தோழன் தளர்ந்தவிடத்து அவனோடு நிற்பதும் தாங்குமாற்றலே. நம் மாணவர் இவ்விரண்டையும் ஒருங்கே பயில்வாராக.