யார் செய்த தையல் மெஷின்?

தையல் மெஷின் வாங்கக் கிளம்பினாலே முதலில் எழும் கேள்வி, “எந்தக் கம்பெனி நல்லது?” என்பதுதான். ஒரு காலத்தில் அதற்கு நேரான பதில் இருந்தது. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில் 1885-ல் திறக்கப்பட்ட சிங்கர் ஆலை, இரும்பை வார்ப்பதிலிருந்து மேசைக்கான மரவேலை வரை தானே செய்தது. அங்கே பிறந்த கறுப்பு மெஷின்கள் நம் ஊர் வீடுகளில் இன்றும் ஓடுகின்றன. அவற்றின் மேல் பொறித்திருக்கும் எண்ணையும் அதன் முன்னெழுத்தையும் கொண்டே எந்த ஆலை, எந்த ஆண்டு என்று கண்டுபிடித்துவிடலாம்.

அந்த ஆலை 1980-ல் மூடப்பட்டது. 1986-ல் தாய் நிறுவனம் தையல் மெஷின் தொழிலையே தனியே பிரித்து விட்டது. சிங்கர் பெயரைச் சுமந்த நிறுவனம் 1999-ல் திவால் மனு கொடுத்தது. 2006 முதல் சிங்கர், ஸ்வீடனில் பிறந்த ஹஸ்க்வர்னா வைக்கிங், ஜெர்மனியில் பிறந்த பாஃப் ஆகிய மூன்று வீட்டு மெஷின் பெயர்களும் எஸ்.வி.பி. என்ற ஒரே குழுமத்திடம் இருக்கின்றன. இப்படிப்பட்ட பெயர்களில் வரும் பல மெஷின்களைச் செய்து கொடுப்பவை தைவானின் ஸெங் ஷிங் போன்ற ஒப்பந்த ஆலைகள். ஸெங் ஷிங்குக்குச் சீனாவிலும் வியட்நாமிலும் தொழிற்கூடங்கள் உண்டு. இலங்கைக்காரர்களுக்கோ சிங்கர் என்றால் ஃபிரிட்ஜும் டிவியும் விற்கும் கடை. அது 2017 முதல் ஹேலீஸ் குழுமத்தின் கையில் இருக்கிறது.

இதை ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்த ஆலை தரமான மெஷினும் செய்யும், கேட்ட விலைக்கு இறங்கியும் செய்யும். நம் முன் இருப்பது இரண்டில் எது என்பதைப் பெயர்ப்பட்டை சொல்லாது, அவ்வளவுதான்.

சொந்த ஆலை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானின் ஜனோமி 1921-ல் தொடங்கியது. தைவானிலும் தாய்லாந்திலும் அதற்கு ஆலைகள் உண்டு. ‘உஷா ஜனோமி’ என்று இரட்டைப் பெயருடன் இங்கே வரும் வெள்ளை மெஷின்கள் அந்த வழியில் வந்தவை. உஷாவின் கறுப்பு மெஷினுக்கு வேர் வேறு: 1930-களில் கல்கத்தாவில் எழுந்த ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ். பஞ்சாபின் லூதியானாவிலோ ஒரு பட்டறை தலையை வார்க்கும், இன்னொன்று ஷட்டில் செய்யும், வேறொன்று பூட்டி முடிக்கும். ஒரே வடிவத் தலை பல பெயர்களில் கடைக்கு வருவது அங்கிருந்துதான்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? துணிக்கு அடியில் நடப்பதைப் பார்த்து.

ஊசி துணியைத் துளைத்துக் கடைசி வரை இறங்குகிறது. பிறகு சுமார் இரண்டு மில்லிமீட்டர் மேலே எழுகிறது. துணி நூலை இறுக்கிப் பிடித்திருப்பதால், கூடவே மேலே போக முடியாத நூல் ஊசியின் தட்டைப் பக்கத்தில் சிறு வளையமாகப் புடைக்கிறது. சரியாக அந்தக் கணத்தில், துணிக்கு அடியில் இருக்கும் ஷட்டிலின் கூர்முனை வந்து வளையத்துக்குள் புக வேண்டும். ஊசிக்கும் முனைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இடம் இருக்கக் கூடாது, உரசவும் கூடாது. முனை அந்த வளையத்தை அகட்டி, அடிநூல் உள்ள பாபினைச் சுற்றிக் கொண்டுபோய் விட, மேலே உள்ள நெம்பு வெடுக்கென்று நூலை இழுக்க, ஒரு தையல் விழுகிறது. மோட்டார் போட்ட வீட்டு மெஷினில் இது நிமிடத்துக்குப் பல நூறு முறை நடக்கிறது. முனை மழுங்கினாலோ ஊசித்தண்டில் ஆட்டம் கண்டாலோ தையல் விட்டு விட்டு விழும். நல்ல மெஷின் என்பது இந்த இடைவெளியை இருபது வருடம் காப்பாற்றும் மெஷின். அதற்குக் கனமான வார்ப்பும் தேயாத எஃகும் வேண்டும்.

தேய்ந்தால் மாற்றவும் வழி வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிய ஆலைகள் சிங்கரின் 15-ம் வகை மெஷினைப் பொது அளவாக எடுத்துக்கொண்டன. ஒரு ஆலையின் உதிரி இன்னொரு ஆலையின் மெஷினில் பொருந்தியது. நம் ஊர்க் கறுப்பு மெஷின்களில் பெரும்பாலானவை அதே குடும்பம். அதனால்தான் தையல் சாமான் கடையில் பெயர் சொல்லாமலே பாபின் கேஸ் கேட்டு வாங்க முடிகிறது. ஜாக்கெட், பாவாடை, தலையணை உறை என்று நேர்த்தையல்தான் வேலை என்றால் யோசிக்காமல் இந்த வகைக்கே போகலாம் என்பேன். ஜிக்ஜாக்கும் காஜாவும் வேண்டுமென்றால் வெள்ளை மெஷின்தான். ஆனால் உள்சட்டம் உலோகமா, அந்த மாடலின் பாபின் கேஸும் பல்சக்கரமும் உங்கள் ஊரிலேயே கிடைக்குமா என்று விலை பேசுமுன் கேளுங்கள். எத்தனை டிசைன் போடும் என்பது அதற்கு அப்புறம்.

கடைக்குப் போகும்போது மெல்லிய வாயில் துணி ஒன்றும், நாலாக மடித்த ஜீன்ஸ் துண்டு ஒன்றும் கொண்டுபோங்கள். கடைக்காரர் வைத்திருக்கும் விறைப்பான துணியில் எந்த மெஷினும் அழகாகத் தைக்கும். முதலில் மோட்டார் போடாமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஒரு முழுச் சுற்றில் எங்கும் இடறக் கூடாது. ஊசித்தண்டை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள்; ஆட்டம் இருக்கக் கூடாது. பிறகு மேலே சிவப்பு நூல், பாபினில் வெள்ளை நூல் போட்டுத் தையுங்கள். அடிப்பக்கம் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் மேல் டென்ஷன் தளர்ந்திருக்கிறது. திருகை இறுக்கியதும் மறைய வேண்டும். எவ்வளவு திருகியும் மாற்றமே இல்லையென்றால் அந்த மெஷினை விட்டுவிடுங்கள்.

வாங்கிய பின் தையல் விட்டு விழுந்தால், மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் ஊசியை மாற்றுங்கள். தட்டைப் பக்கம் ஷட்டில் முனை வரும் பக்கமாக இருக்க வேண்டும். மாறிவிட்டால் வளையம் எதிர்ப்புறம் போய்விடும். வாயிலுக்கு 11-ம் நம்பர், சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18. பனியன் துணிக்கு முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசி தனியாகக் கிடைக்கும். கூர் ஊசி அந்தத் துணியின் இழையை அறுத்து, தையல் ஓரமெங்கும் பொத்தல் விழ வைக்கும்.