14 நாடுகள் கூடும் செம்மேடு

நாமக்கல்லிலிருந்து புறப்படும் பேருந்து காரவள்ளியை அடைந்ததும் மலை தொடங்குகிறது. அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் பொறித்த பலகையைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறோம். சமவெளியின் வெப்பம் மெல்ல விலகுகிறது. மிளகுக் கொடி படர்ந்த மரங்களும், காப்பிச் செடிகளும், வாழையும் பலாவும் கண்ணில் படுகின்றன. மலைமேல் பேருந்து வந்து நிற்குமிடம் செம்மேடு.

செம்மேட்டைப் பெருநகரம் என்று எவரும் சொல்லார். ஒரு பேருந்து நிலையம், கடைத்தெரு, அரசு அலுவலகங்கள், மருத்துவமனை, குதிரைமீது அமர்ந்த வல்வில் ஓரியின் சிலை ஆகியவற்றைச் சுற்றி வர நெடுநேரம் வேண்டியதில்லை. எனினும் கொல்லிமலை மக்களுக்கு இதுவே தலைநகர். மனுக் கொடுக்கவும், மருந்து வாங்கவும், மகனைக் கீழே வேலைக்கு வழியனுப்பவும் அவர்கள் இங்கேதான் வருகிறார்கள்.

இம்மலையில் 14 நாடுகள் உள்ளன என்றால் வாசகர் வியப்படையலாம். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு எனப் பெயர் தொடரும். பல சிற்றூர்கள் சேர்ந்தது ஒரு நாடு. செம்மேடு இருப்பது வாழவந்தி நாட்டில். அறப்பளீசுவரர் கோயிலும், அதன் அருகே வீழும் ஆகாயகங்கை அருவியும் வளப்பூர் நாட்டில். ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் என்ற பழைய பொறுப்பாளர்கள் வழக்குத் தீர்த்து வந்த இந்நாடுகள் இன்று ஊராட்சிகளாகவும் விளங்குகின்றன.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் ஏறத்தாழ 40 ஆயிரம் பேர். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. அவர்கள் தாய்மொழி தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவர், சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகிய மூன்றிலும் குடியேறினர் என்பது அவர்களது மரபுக் கதை.

மலையின் புகழோ அதனினும் பழமையானது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி இம்மலைத் தலைவன். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் எனச் சங்கப் பாடல்கள் தெரிவிக்கின்றன. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. ஆடிப் பதினெட்டில் மலை நிரம்ப மக்கள் கூடுகிறார்கள். ஆனால் விழா முடிந்து கூட்டம் இறங்கிய பிறகும் அங்கேயே வாழ்பவர்களைப் பற்றி நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

எண்ணிப் பார்த்தவர்களும் இருந்தனர். ஜெசி பிராண்ட், அவர் துணைவியார் ஈவ்லின் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் நம் பிரிந்த சபைச் சகோதரர்கள். சாலை இல்லாத அக்காலத்தில் இம்மலையேறி மருந்தும் கல்வியும் கொடுத்தனர். குடிநீரால் பரவிய நரம்புச் சிலந்தி நோய் அன்று மக்களை வாட்டியது. கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினால் நோயைத் தடுக்கலாம் என்று ஜெசி கற்பித்தார். 1929இல் காய்ச்சலுக்கு அவரே பலியானார். ஈவ்லின் அம்மையார் முதிய வயதிலும் மலைகளை விட்டகலாது பணியாற்றி, 1974இல் தமது 95ஆம் வயதில் இறந்து, கொல்லிமலையிலேயே துயில்கிறார். அவர்களின் மகன், 1914இல் பிறந்த பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை நிமிர்த்திய அறுவை மருத்துவராக உலகப் புகழ் பெற்றார். 2000ஆம் ஆண்டில் இந்தியா நரம்புச் சிலந்தி நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது.

நோய் தீர்ந்தது, உணவோ மாறிவிட்டது. சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவையே முன்பு மலைமக்களின் சோறும் களியும். சரிவுகளில் அதிக நீரின்றி விளைந்தவை அவை. கடந்த சில பத்தாண்டுகளில் அந்நிலங்கள் பலவற்றில் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளி இடம்பிடித்தது. கிழங்கு மூட்டைகள் சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகின்றன. நியாயவிலை அரிசி மேலேறுகிறது.

இதற்காக மலைமக்களைக் குறைகூறுவோர் ஒருமுறை உலக்கையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சாமையின் உமி தானியத்தோடு இறுகப் பற்றியிருப்பது. பெண்கள் உரலில் இட்டு மீண்டும் மீண்டும் குத்தி, புடைத்து, மறுபடியும் குத்தியே ஒரு வேளைச் சோற்றுக்கான அரிசியைப் பெற்றனர். காட்டு வேலை, தண்ணீர், விறகு, குழந்தை ஆகியவற்றோடு இந்தச் சுமையும் அவர்கள் தோளில்தான். குச்சிக்கிழங்கு கைக்குக் காசு தந்தது. கைக்கு ஓய்வும் தந்தது. மாநகர்களில் இன்று சிறுதானியத்தின் பெருமை பேசுகிறோம். 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவையும் கொண்டாடியது. ஆனால் அந்தப் பெருமைக்கு நெடுங்காலம் விலை கொடுத்தது மலைப்பெண்ணின் தோள்.

இவ்வுண்மையை உணர்ந்தே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990களிலிருந்து மலைமக்களோடு சேர்ந்து பழைய விதைகளைக் காத்ததோடு, உமி நீக்கும் எந்திரங்களையும் சிற்றூர்களுக்குக் கொண்டுவந்தது. மகளிர் குழுக்கள் சாமையைச் சுத்தம் செய்து விற்கத் தொடங்கின. விதையைக் காக்க வேண்டுமாயின் முதலில் விதைப்பவளைக் காக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

எனினும் ஆபத்து நீங்கிவிடவில்லை. சரிவில் கிழங்கைத் தோண்டத் தோண்ட மழையில் மண் அரிக்கிறது. கிழங்கின் விலை விழுந்தால் வீட்டில் மாற்று உணவு இல்லை. இளைஞர்கள் கீழே கூலி தேடி இறங்குகிறார்கள். பேருந்து நிலையத்தில் பையோடு நிற்கும் இளைஞன் எப்போது திரும்புவான் என்பதே பல இல்லங்களின் கவலை.

அன்பார்ந்த வாசகர்களே, கொல்லிமலைக்குச் செல்லும்போது அருவியையும் சிலையையும் மட்டும் கண்டு திரும்பாதீர்கள். செம்மேட்டுக் கடைத்தெருவில் சற்று நின்று, மலைப்பெண்கள் விற்கும் சாமை ஒரு படியேனும் பேரம் பேசாமல் வாங்குங்கள். வீட்டில் பிள்ளைகளுக்குப் பரிமாறும்போது, அதை விளைவித்தவர்கள் யார் என்பதையும் சொல்லுங்கள். வள்ளல் ஓரியின் மலைக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. அதில் ஒரு சிறு பகுதியையாவது திருப்பிக் கொடுப்போம்.