லாக் இன் செய்த தளம் உங்களை மறப்பது ஏன்?

இணையத்தில் டிக்கெட் பதிவு செய்ய பாஸ்வேர்டு கொடுத்து நுழைகிறீர்கள். பயணிகளின் பெயர், வயது எல்லாம் டைப் செய்து அடுத்த பக்கம் சென்றால், மீண்டும் லாக் இன் செய்யச் சொல்கிறது. வைரஸ் வந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். நெடுநேரம் சும்மா விட்டிருந்தால் தளமே வெளியேற்றிவிடும். உடனுக்குடன் இப்படி நடந்தால் குக்கீயைக் கவனிக்க வேண்டும்.

பிரவுசரும் சர்வரும் பயன்படுத்தும் எச்.டி.டி.பி. வழிமுறைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு பக்கத்தையும் புதிய ஆள் ஒருவர் கேட்பதாகவே அது எடுத்துக் கொள்ளும். இதற்குத் தீர்வாக 1994ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி உருவாக்கியதே குக்கீ. கோயில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கன் போன்றது இது. உங்கள் விவரங்கள் சர்வரில் இருக்கும். டோக்கன் எண் மட்டும் உங்கள் பிரவுசரில்.

கூட்டம் அதிகமானால் ஒரு கவுண்ட்டர் போதுமா? பெரிய தளங்களில் பல சர்வர்கள் இயங்குகின்றன. வருபவர்களைப் பிரித்து அனுப்பும் வேலையை லோட் பேலன்சர் செய்கிறது. மூன்றாம் கவுண்ட்டரில் செருப்பை விட்டவரை ஐந்தாம் கவுண்ட்டருக்கு அனுப்பினால், "இந்த டோக்கன் எங்களுடையது இல்லையே" என்பார்கள். அதுதான் உங்களுக்கு நடந்தது.

எனவே, எந்த சர்வர் என்பதைக் குறித்து லோட் பேலன்சரும் தன் பங்குக்கு ஒரு குக்கீ தரும். குரோம் பிரவுசரில் எப்12 அழுத்தி, அப்ளிகேஷன் டேபில் குக்கீஸ் பிரிவைப் பாருங்கள். ஜேசெஷன்ஐடி என்றிருந்தால் அது ஜாவா சர்வர் தந்த டோக்கன். ஏடபிள்யூஎஸ்ஏஎல்பி என்றிருந்தால் அமேசானின் லோட் பேலன்சர் தந்தது. பார்ப்பதோடு நிறுத்திக் கொள்ளுங்கள். அந்த எண்ணை யாருக்கும் காப்பி செய்து தராதீர்கள். பாஸ்வேர்டு இல்லாமலே உங்கள் கணக்கில் நுழைய அது போதும்.

எல்லா சர்வர்களும் பார்க்கும்படி விவரங்களைப் பொது இடத்தில் வைப்பது இதைவிட நல்ல ஏற்பாடு. ஆனால் அது தளத்தை நடத்துபவர் கையில் உள்ளது.

நீங்கள் செய்யக் கூடியது: செட்டிங்ஸில் எல்லா குக்கீகளையும் தடுத்திருந்தால் நீக்குங்கள். விளம்பரக்காரர்கள் பயன்படுத்தும் தேர்ட் பார்ட்டி குக்கீகளை மட்டும் தடுத்தால் பெரும்பாலும் தொல்லை இராது. பழைய குக்கீ குழப்பினால், முகவரிக்கு இடப்புறமுள்ள ஐகானைக் கிளிக் செய்து, அந்தத் தளத்தின் குக்கீகளை மட்டும் அழியுங்கள். மொத்தமாக அழித்தால் மற்ற தளங்களிலும் மறுபடி லாக் இன் செய்ய வேண்டியிருக்கும்.

அடுத்தவர் கம்ப்யூட்டர் என்றால் கட்டாயம் லாக் அவுட் செய்யுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும்படி பிரவுசரை அமைத்திருந்தால், விண்டோவை மூடினாலும் டோக்கன் அங்கேயே இருக்கும்.