பல்லைப் பதம் பார்க்கும் செயின்

லூஸானால் ஒரு கண்ணியைக் கழற்றும் பழக்கம் பழைய கியர் சைக்கிள்களை முடமாக்குகிறது

தில்லி ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டில் நுழைந்து, பழைய ரேஸ் சைக்கிளுக்கு ஆறு பல்சக்கர ஃப்ரீவீல் இருக்கிறதா என்று கேட்டேன். முதல் கடைக்காரர் சிரித்தார். இரண்டாமவர் சைக்கிளை விற்றுவிட்டுப் புதிது வாங்கச் சொன்னார். மூன்றாவது கடையில் ஒரு தகர டப்பாவின் அடியிலிருந்து எண்ணெய்க் காகிதம் சுற்றிய பொட்டலம் ஒன்று வெளியே வந்தது. பேரம் பேசும் தைரியம் எனக்கு இல்லை.

என் சைக்கிள் முப்பது வயதைத் தாண்டிய ஜப்பானிய இரும்புச் சட்டம். முன்னால் இரண்டு, பின்னால் ஆறு பல்சக்கரங்கள். மிதிக்கும்போது செயின் 'கடக்' என்று வழுக்க ஆரம்பித்ததும் தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன். செயினை விரலால் தூக்கிப் பார்த்தார். "லூஸ், சாப்" என்றார். ஆணி, சுத்தியல், நான்கு தட்டு. ஒரு ஜோடிக் கண்ணி, அதாவது ஓர் அங்குலச் செயின், தரையில் விழுந்தது. இரண்டு மாதம் கழித்து இன்னோர் அங்குலம். மூன்றாவது முறை அவரிடம் போக அவசியம் ஏற்படவில்லை. ரிட்ஜ் காட்டுப் பகுதியின் ஏற்றம் ஒன்றில், முன்னாலும் பின்னாலும் பெரிய பல்சக்கரத்துக்குச் செயினை மாற்றினேன். செயின் எட்டவில்லை. கியர் மாற்றும் கையான டிரேலியர் முன்னால் இழுபட்டு முறுக்கிக்கொண்டது. நான் சாலையில் கிடந்தேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் பிரேக் பிடித்ததால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கற்றது கியர் இல்லாத, கறுப்பு வண்ண இந்திய சைக்கிளில். அதில் செயின் தளர்ந்தால் பின்சக்கரத்தைச் சற்றுப் பின்னால் தள்ளி நட்டை முடுக்குவார்கள். தள்ள இடமில்லாதபோது கண்ணியைக் கழற்றுவார்கள். லூதியானா பாகங்கள் மூலைக்கு மூலை மலிவாகக் கிடைக்கும் நாட்டில் அந்த வைத்தியம் பெரிய நஷ்டமில்லை. கியர் சைக்கிளில் செயினின் நீளம் ஒரு கணக்கு. முன்னாலும் பின்னாலும் பெரிய பல்சக்கரங்களைச் சுற்றி, டிரேலியருக்குள் நுழைக்காமல் செயினைப் போட்டுப் பார்த்து, முனைகள் சந்திக்கும் இடத்திலிருந்து ஓர் அங்குலம் கூடுதலாக விடவேண்டும். இதற்குக் குறைந்தால் என் கதிதான்.

இன்னொன்றும் இருக்கிறது. செயின் 'இழுபட்டது' என்கிறோமே, அதன் தகடுகள் இழுபடுவதில்லை. கண்ணிகளை இணைக்கும் பின்களும் அவற்றைத் தாங்கும் பகுதியும் ஒன்றோடொன்று உரசித் தேய்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட பின்களில் ஒவ்வொன்றும் மயிரிழை தேய்ந்தால் மொத்தத்தில் செயின் நீண்டுவிடுகிறது. தில்லிப் புழுதி எண்ணெயில் கலந்தால் அதுவே உப்புக் காகிதம். (மோட்டார் பைக் எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலைச் செயினுக்கு ஊற்றும் நண்பர்கள் கவனிக்க.) நீண்ட செயின் பல்லின் பள்ளத்தில் சரியாக உட்காராமல் மேலேறி, பற்களைக் கொக்கிபோல் வளைத்துவிடுகிறது. கண்ணியைக் கழற்றுவது இந்தத் தேய்மானத்தை மறைக்கிறது, அவ்வளவுதான்.

கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடப் பையிலிருக்கும் ஓர் அடி ஸ்கேல், அங்குலக் கோடு போட்டது, போதும். புதிய செயினில் பின்னுக்குப் பின் அரை அங்குலம். ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். இருபத்து நான்காவது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் இருக்கவேண்டும். அது 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் தப்பிக்கலாம். 1/8 அங்குலம் தாண்டிவிட்டால் ஃப்ரீவீலும் போயிற்று. அதில் புதுச் செயினைப் போட்டால் இன்னும் அதிகமாக வழுக்கும். என்னுடையது 1/8ஐயும் தாண்டியிருந்தது. சில நூறு ரூபாய்ச் செயினை உரிய நேரத்தில் வாங்காததற்கு நான் கொடுத்த விலை ஒரு ஃப்ரீவீல், ஒரு டிரேலியர், முழங்காலில் ஒரு தழும்பு.

செயின் கிடைப்பது சுலபம். ஆறு, ஏழு, எட்டு பல்சக்கரங்களுக்கு ஒரே அகலச் செயின்தான். சாதாரண சைக்கிளின் தடித்த செயினைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள். டிரேலியரும் அப்படியே. கிளிக் சத்தமில்லாத பழைய லீவருக்கு எந்தக் கம்பெனி டிரேலியரும் ஒத்துப்போகும். என்னுடையதில் இப்போது இருப்பது மலிவான ஷிமானோ. வளைந்த கொக்கியைச் சட்டம் இரும்பு என்பதால் நிமிர்த்த முடிந்தது.

படுத்தி எடுத்தது பழைய ஃப்ரீவீலைக் கழற்றும் வேலைதான். சக்கரத்தின் நடுவில் மரையில் திருகி உட்காரும் அது, ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் இறுகும். முப்பது வருட மிதி! கழற்றும் கருவி கம்பெனிக்குக் கம்பெனி வேறு. என்னுடையதோ இரண்டு பள்ளங்கள் மட்டும் கொண்ட பழைய சன்டூர். கருவி வழுக்கிப் பள்ளம் உடைந்தால் பிறகு உளிதான் கதி. கருவியை அச்சோடு சேர்த்து நட்டால் பிடித்து, வைஸில் இறுக்கி, சக்கரத்தையே பஸ் ஸ்டியரிங் மாதிரி இடப்பக்கம் திருப்பினோம். மூன்று பேர். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம், பிறகு சுலபம். புதியதைப் போடுமுன் மரையில் கிரீஸ் தடவினோம். அடுத்த முறையாவது இரண்டு பேர் போதட்டும்.

பெடல் அச்சும் ஆடிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் மரை கொண்ட சட்டத்தில் வலப்பக்கக் கப் எதிர்த்திசையில் திரும்பும். தெரியாமல் பலம் காட்டினால் இறுகிக்கொண்டே போகும்.

மிச்சமிருப்பது முன்பக்கத்துப் பெரிய செயின் வீல். 52 பல், ஐந்து போல்ட், போல்ட் துளைகளின் வட்டம் 144 மில்லிமீட்டர். இன்று பெரும்பாலும் வருவது இதைவிடச் சிறிய வட்டம். ஜண்டேவாலானில் ஆறு கடை ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. வளைந்த பற்களின் பிசிறை அரத்தால் ராவி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தகர டப்பாக் கடைக்காரர் அடுத்த மாதம் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்.