பைன் தோட்டத்தில் மர இடைவெளி

கத்தரி நாற்றை நெருக்கி நட்டவர் தம் பிழையை ஒரே போகத்திற் கண்டுகொள்வர். செடி நெடுத்து மெலியும், காய் சிறுக்கும். அடுத்த போகத்தில் இடைவெளியைத் திருத்திக்கொள்ளலாம். மரம் நட்டவருக்கு இவ்வாய்ப்பு இல்லை. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து மரத்தைத் தறிக்கும்போதே பிழை முற்றாக விளங்கும். பிள்ளைகளின் எதிர்காலத்துக்கென வளர்த்த தோப்பு, பலகைக்கு உதவாது விறகாக விலைபோதலும் உண்டு. ஆதலால், மேட்டுக் காணியில் மரம் நாட்ட எண்ணும் கமக்காரர் முதற் கன்றை வைக்குமுன் இடைவெளியைப்பற்றி ஆராய்தல் வேண்டும்.

இலங்கையின் மலைநாட்டுப் பத்தனாப் புல்நிலங்களிலும் கைவிடப்பட்ட தேயிலைக் காணிகளிலும் 1970களிலும் 1980களிலும் பைன் மரம் பெருமளவில் நடப்பட்டது. இங்கு கூறப்படும் விதி பைனுக்கு மாத்திரமன்றி, பலகைக்காக வளர்க்கப்படும் பிற மரங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஏக்கருக்கு எத்தனை மரம்?

6 அடிக்கு 6 அடி – 1,210 மரங்கள்
8 அடிக்கு 8 அடி – 680 மரங்கள்
10 அடிக்கு 10 அடி – 435 மரங்கள்
12 அடிக்கு 12 அடி – 302 மரங்கள்

இடைவெளியை இரு மடங்காக்கினால் மரங்களின் தொகை காற்பங்காகக் குறைகிறது என்பதைக் கவனிக்க.

இடைவெளியால் மாறுவது எது?

மரத்தின் உயரம் இடைவெளியால் அதிகம் மாறுவதில்லை. அது மண்ணின் ஆழத்தையும் ஈரத்தையும் பொறுத்தது. பருமனோ இடைவெளியால் வெகுவாக மாறும். நெருங்கிய தோப்பிற் கிளைகள் விரைவில் ஒன்றோடொன்று முட்டும். கீழ்க்கிளைகள் வெயிலின்றி உலரும். பச்சைத் தலை சிறுத்துவிடும். சிறிய தலையையுடைய மரம் ஆண்டுதோறும் மெல்லிய வளையத்தையே கட்டும்.

தென்னாபிரிக்காவில் ஓகொனர் என்பவர் 1930களில் தொடங்கிய பரிசோதனைகளில், ஏக்கருக்கு 1,200 மரங்கள் முதல் 50 மரங்கள் வரை விடப்பட்ட பாத்திகள் ஒப்பிடப்பட்டன. மரங்கள் மிகுந்த பாத்தியில் மொத்த மரத்தின் அளவு கூடியது. ஆயின் தனிமரம் மெலிந்தது. மரங்கள் குறைந்த பாத்தியில் தனிமரம் பருத்தது. ஆயின் நிலத்தின் ஒரு பகுதி பயன்படாது போயிற்று.

பருமனின் மதிப்பை ஒரு கணக்கால் அறியலாம். உயரம் ஒத்திருப்பின், 12 அங்குல விட்டமுள்ள ஒரு மரம் 6 அங்குல விட்டமுள்ள நான்கு மரங்களுக்குச் சமம். எனினும், மெல்லிய மரத்தை வாளில் அறுக்கும்போது புறப்பகுதி கழிந்தபின் எஞ்சும் பலகை அற்பமே.

மிகுந்த இடைவெளியும் நன்றன்று. கிளைகள் தடித்துப் பலகையில் முடிச்சுகள் பெருகும். அடிமரம் பருத்து நுனி விரைவில் ஒடுங்கும். வெயில் படும் தரையில் இலுக்கும் மானாப்புல்லும் மண்டும்.

ஐதாக்கல்

ஆதலால், பலகையை விரும்புவோர் 8 முதல் 10 அடி இடைவெளியில் நட்டுப் பின்னர் படிப்படியாக ஐதாக்குதல் நன்று. கிளைகள் முட்டிப் பச்சைத் தலை மரத்தின் உயரத்தில் மூன்றிலொரு பங்கை நெருங்குமுன் ஐதாக்கல் வேண்டும். கோணியவை, கவர்விட்டவை, பிறவற்றின் கீழ் அமிழ்ந்தவை ஆகியனவற்றை முதலில் நீக்குக. வளர்த்த மரத்தை வெட்ட மனம் வாராமையே பல தோப்புகளைக் கெடுக்கிறது. கரட் பாத்தியிற் செடிகளைக் களைந்து ஐதாக்குபவர் இதனை எளிதில் உணர்வர்.

காலம் தாழ்த்தியவர் ஒரே முறையில் அதிகமாக வெட்டலாகாது. நெருக்கத்தில் நெடுத்த மரங்கள் திடீரெனத் தனித்துவிடின் காற்றில் முறிந்து விழும்.

நீரும் தீயும்

புல்நிலத்தில் நெருங்கிய பைன் தோப்பு எழும்போது, மழையின் ஒரு பகுதி இலையிலேயே தங்கி ஆவியாகும். வேரும் ஆழத்து நீரை உறிஞ்சும். கீழே மரக்கறி செய்பவரின் ஓடை மெலிய இது காரணமாகலாம். ஐதாக்கல் இந்நீர்ச்செலவைச் சில காலம் குறைக்கும்.

பைனின் ஊசியிலை எளிதில் உக்குவதில்லை. ஊவாப் பகுதியில் ஆடி, ஆவணி மாத வறட்சியில் அது தீக்கு இரையாகும். உலர்ந்த கீழ்க்கிளைகள் அத்தீயை மர உச்சிக்கு ஏற்றிவிடும். எனவே கீழ்க்கிளைகளைக் கத்தரித்தல் வேண்டும். வெட்டிய கிளைகளைத் தோப்பினுள் விட்டுவைத்தலும் ஆகாது.

இடைவெளியின் மற்றொரு பயன்

சிங்கராஜ வனத்தின் ஓரத்திலுள்ள பைன் தோப்பில் 1990களில் பைன் வரிசைகளை நீக்கி, உள்நாட்டுக் காட்டு மரக்கன்றுகள் நடப்பட்டன. மூன்று வரிசைகள் நீக்கப்பட்ட இடத்திலேயே கன்றுகள் செழித்தன. நீக்காத நிழலில் அவை தேங்கின. தக்க இடைவெளி கிடைப்பின், பைன் தோப்பே பழைய காட்டுக்குச் செவிலியாகும் என்பது இதனால் விளங்கும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. விறகுக்கும் கம்புக்கும் நெருக்கம், பலகைக்கு இடைவெளி.
2. நடுமுன் பயனைத் தீர்மானிக்க.
3. பச்சைத் தலை சிறுக்குமுன் ஐதாக்குக.
4. நல்ல மரத்தை விட்டுக் குறையுள்ளதை வெட்டுக.
5. வறட்சிக்குமுன் தோப்பைச் சுற்றித் தீத்தடைப் பாதையைத் துப்புரவாக்குக.