கோலா நிறத்தில் சிறுநீர் போனால்

நெய்வேலித் திறந்தவெளிச் சுரங்கத்தில் மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் வெட்டுவது ராட்சதச் சக்கர எந்திரம். கன்வேயர் அடியில் சிந்துவதை வாரிப்போட இன்னும் மண்வெட்டியும் ஆளும்தான் வேண்டும். கத்திரி வெயிலில் மணிக்கணக்காக அள்ளினால் கை தானாகத் தளரும். அதைச் சோம்பல் என்று திட்டுகிற மேஸ்திரிகள் உண்டு.

கை தளர லாக்டிக் அமிலம்தான் காரணம் என்பது பழைய கதை. தசைக்குச் சக்தி தருவது ஏடிபி. அது தீரத் தீர ஈடுகட்டுவது கிரியேட்டின் பாஸ்பேட். இது உடையும்போது சேரும் பாஸ்பேட், தசை இழைகளின் இழுவிசையைக் குறைக்கிறது. தசையைச் சுருங்கத் தூண்டும் கால்சியமும் குறைவாகவே வெளியாகிறது. உடம்பு சூடேறினால் மூளையே வேகத்தைக் குறைக்கச் சொல்கிறது. ஐந்து நிமிடம் நிழலில் உட்கார்ந்தால் கிரியேட்டின் பாஸ்பேட் பெரும்பாலும் மீண்டுவிடும். ஆனால் தசையில் சேமித்த கிளைகோஜன் நிரம்ப வயிறாரச் சாப்பாடும் ஏறக்குறைய ஒரு நாளும் தேவை. ஷிப்டுக்கு மேல் ஷிப்ட் பார்ப்பவருக்கு அந்த ஒரு நாள் கிடைப்பதே இல்லை.

கெண்டைக்காலில் பிடிக்கும் குரக்குவலி வேறு விஷயம். 1920களில் இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை ஆராய்ந்த மாஸ் என்ற ஆய்வாளர், வியர்வையில் உப்பு போக, வெறும் தண்ணீராகக் குடித்தவர்களுக்கே தசைப்பிடிப்பு வந்ததைக் கண்டார். உப்புப் போட்ட மோர், நீராகாரம், ஓ.ஆர்.எஸ். எல்லாம் இதற்கு உதவும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் வருகிற சாதாரண உடம்புவலி சில நாளில் போய்விடும். தாங்க முடியாத வலியும் வீக்கமும், கூடவே கோலா நிறச் சிறுநீரும் என்றால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது, வற்றிய உடம்பில் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வெயிலில் யாருக்காவது பேச்சு குழறினாலோ மயங்கினாலோ தண்ணீர் ஊற்றி உடலைக் குளிரவைத்தபடியே 108-ஐ அழையுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின்படி நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. கூடுதல் நேரம் பார்க்க உங்கள் சம்மதம் வேண்டும், இரட்டிப்புக் கூலியும் வேண்டும். குடிநீர், முதலுதவி, ஓய்விடம் போன்றவற்றைக் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் தரவேண்டியது முதன்மை நிறுவனம். ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டாலும் பொறுப்பு அதற்கே. வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தால் 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. அது செத்த பிறகு வரும் பணம். உயிரோடு இருக்கும்போதே மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்கோ சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்கோ எழுதுங்கள். தேதி, ஷிப்ட், வேலை செய்த இடம், உடன் இருந்தவர்கள் பெயர், மருத்துவச் சீட்டின் நகல் ஆகியவை புகாரில் இருக்கட்டும்.